லிங்க் எங்கே? - ஒரு சிறு வரலாறு



பரீட்சை பிற்போடப்பட்டதாம், புதிய சுற்றறிக்கை வந்ததாம், இன்ன பொருளைச் சாப்பிட்டால் இன்ன நோயாம். எமது வட்ஸ்அப் குழுக்களில் இப்படித் தினமும் செய்தி வருகிறது. "இதன் லிங்க் எங்கே?" என்று கேட்டால் சிலருக்குக் கோபமும் வருகிறது. லிங்க் எதற்காக உருவானது என்று தெரிந்தால் அந்தக் கோபம் வராது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

"யார் சொன்னது?" என்று கேட்பது எமக்குப் புதிதல்ல. ஹதீஸ் கலையில் செய்தி மட்டும் போதாது. அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரும் வேண்டும். அதைத்தான் இஸ்னாத் என்கிறோம். ஹிஜ்ரி 256இல் வபாத்தான இமாம் புகாரி தமது தொகுப்பில் ஹதீஸ்களை அந்தத் தொடரோடுதான் பதிவு செய்தார். தொடரில் பெயர்கள் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொருவரின் நேர்மையும் ஞாபகசக்தியும் ஆராயப்பட்டன.

கணினி உலகில் இதே தேவை வேறு வடிவில் வந்தது. ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்குத் தாவிச் செல்லும் முறைக்கு 1965இல் "ஹைப்பர்டெக்ஸ்ட்" என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான டெட் நெல்சன். இணைப்பு இரு பக்கமும் செல்ல வேண்டும், ஒருபோதும் அறுந்துபோகக் கூடாது என்பது அவருடைய கனவு.

நடைமுறைக்கு வந்தது வேறொன்று. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்துக்கு ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் வந்து போவார்கள். அவர்கள் போனதும் எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்பது தொலைந்துவிடும். இதற்குத் தீர்வாக 1989 மார்ச்சில் டிம் பேர்னர்ஸ் லீ ஒரு திட்டத்தை முன்வைத்தார். உலகளாவிய வலை அதிலிருந்துதான் பிறந்தது. அவருடைய இணைப்பு ஒரு பக்கம் மட்டும் செல்வது. யாரும் யாருடைய பக்கத்துக்கும் அனுமதி கேட்காமல் லிங்க் போடலாம். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை எல்லோருக்கும் இலவசமாகவே விட்டது. வலை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இவை முக்கிய காரணங்கள்.

இலகுவாகக் கிடைப்பதைத் தவறாகப் பயன்படுத்துவோரும் வந்தார்கள். 1998இல் ஆரம்பமான கூகுள், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்தும் அதன் மதிப்பைக் கணித்தது. உடனே வியாபாரிகள் கண்ட கண்ட கருத்துப் பெட்டிகளில் எல்லாம் தமது லிங்கை ஒட்டத் தொடங்கினார்கள். அத்தகைய லிங்குகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு 2005 ஜனவரியில் ஒரு தனி அடையாளக் குறியீடே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆகவே லிங்க் இருந்தாலே செய்தி உண்மையாகிவிடாது. இங்கும் அறிவிப்பாளரை ஆராயத்தான் வேண்டும்.

நெல்சன் பயந்ததும் நடந்தது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 வீதமானவை பத்து வருடங்களின் பின் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு நிறுவனம் 2024இல் தெரிவித்தது. இப்படி அழியும் பக்கங்களின் பிரதிகளை "இன்டர்நெட் ஆர்கைவ்" 1996 முதல் சேமித்து வருகிறது. நமது நாட்டில் 2005இல் தொடங்கிய "நூலகம்" தளம் பழைய தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் காக்கிறது. ஊர் வரலாறு எழுதுவோர் அங்குள்ள பக்கத்துக்கே லிங்க் கொடுக்கலாம்.

மூலம் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வேறு நாட்டுக்குப் போகத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி பரவியது. எந்தப் பரிசோதனை அறிக்கையும் கையில் இல்லாமலேயே அது போனுக்குப் போன் தாவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாச்சத்துக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் சொன்னது. அடுத்த மாதம் திகன எரிந்தது. அவசரகால நிலை பிரகடனமாகி, சமூக ஊடகங்களும் சுமார் ஒரு வாரம் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தனது தளம் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்?

அந்த நாட்களில் பாதிக்கப்பட்டவர்கள் நாம். அதனால் மூலமில்லாத செய்தியை மற்றவர்களைப் பற்றிப் பரப்பாமல் இருக்கும் கடமையும் எமக்கே முதலில் இருக்கிறது.

எனவே பதிவு போடும்போது,

1. லிங்கை முதலில் நீங்கள் திறந்து முழுவதும் வாசியுங்கள். தலைப்போடு நிறுத்த வேண்டாம்.

2. தளத்தின் பெயர், தலைப்பு, திகதி மூன்றையும் எழுதுங்கள். லிங்க் செத்தாலும் தேடிப் பிடிக்கலாம்.

3. சுற்றறிக்கை, வர்த்தமானி என்றால் உரிய திணைக்களத்தின் தளத்துக்கே லிங்க் கொடுங்கள். ஸ்கிரீன்ஷொட்டை யாரும் மாற்றலாம்.

4. சுருக்கிய லிங்க் எங்கே போகும் என்று வெளியில் தெரியாது. முழு முகவரியையே போடுங்கள்.

5. லிங்க் கிடைக்காவிட்டால் பகிராதீர்கள். ஒரு செய்தி எமது குழுவுக்குப் பிந்தி வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

யாராவது "லிங்க் எங்கே?" என்று கேட்டால் உங்களைப் பொய்யர் என்று சொல்வதாக எடுக்க வேண்டாம். ஆயிரம் வருடங்களுக்கு மேலாக எமது உலமாக்கள் கேட்ட கேள்விதான் அது.