எமக்குப் பின் எங்கே?

"எமக்குப் பின் இவன் எங்கே?" பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் பீருமேட்டிலும், ஆட்டிசமுடைய வளர்ந்த மகனைப் பெற்ற நம்மவர் கேட்கும் கேள்வி இது.

1943-இல் அமெரிக்காவில் மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளிடம் கண்ட இந்நிலையை விவரித்தார். 1971-இல் அவர்தம் பிற்கால வாழ்வை ஆராய்ந்தபோது, பெரிய அரசு மருத்துவமனைகளில் அடைபட்டோர் ஒடுங்கிப் போயிருந்தனர். டொனால்டு என்பவரோ சிறுவயதில் ஓர் உழவர் தம்பதியரிடம் தங்கியவர். எண்ணுவதில் அவருக்குத் தீராத வேட்கை. அதைத் தடுக்காது, உழும்போது சோள வரிசைகளை எண்ணவிட்டனர். என்னே அவ்வெளிய மக்களின் அறிவு! பின்னாளில் அவர் வங்கிப் பணியாளரானார்.

ஆதலின் பெருங்கட்டடத்தினும் சிறு இல்லமே உகந்தது என்போம். நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெற்றோர் சங்கமும் பதிவு பெறலாம். 18 வயது கடந்தோர்க்குக் காப்பாளரை நியமிக்க மாவட்டக் குழுவும் உண்டு.