காண்டிடா ஆரிஸ்: மருந்தைத் தீர்மானிக்கும் சோதனை

ஜப்பானில் நோயாளி ஒருவரின் காதிலிருந்து எடுக்கப்பட்டு, 2009ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரிக்கப்பட்டது காண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. இது இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எந்த மருந்து பலன் தரும் என்பதை ஆய்வகமே சொல்ல வேண்டியுள்ளது. சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், குழிக்குக் குழி மருந்தின் அளவு இரு மடங்காக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பூஞ்சை இடப்பட்டு, 35 பாகை செல்சியஸில் சுமார் 24 மணி நேரம் வைக்கப்படுகிறது. வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவே கணக்கில் கொள்ளப்படும். ஃபுளுகோனசோலுக்கோ வளர்ச்சி பாதியாகக் குறைந்தாலே போதும். வெறும் கண்ணால் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்குதான்.

அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட மாதிரிகளில் சுமார் 90 சதவீதம் இம்மருந்துக்குக் கட்டுப்படவில்லை. எனவே, சோதனை முடிவுக்குக் காத்திராமல், பெரியவர்களுக்கு எக்கினோகேண்டின் வகை மருந்துகளே முதலில் தரப்படுகின்றன. சிகிச்சையின் நடுவே அவற்றுக்கும் எதிர்ப்பு உருவாகலாம் என்பதால், நோய் நீடித்தால் சோதனை மீண்டும் செய்யப்படுகிறது.