ஏவலும் எல்லையும்: கடக்வாஸ்லா ஆர்டர்லியும் புனே மோல்கரீணும்

புனே நகருக்குத் தென்மேற்கே முட்டா ஆற்றங்கரையில் உள்ள கடக்வாஸ்லா, அணையாலும் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தாலும் அறியப்பட்ட ஊர். கல்விக்கழகத்திற்கு 1949 அக்டோபர் 6ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். டேராடூனிலிருந்து பயிற்சி 1954இல் இங்கு மாற்றப்பட்டது. அதன் குடிமைப் பணியிடங்களுக்கென அண்மை ஆண்டுகளில் வெளியான ஆட்சேர்ப்பு அறிவிப்புகள் மொழி ஆய்வாளர் ஒருமுறை படிக்கத்தக்கவை. சமையலர், தச்சர், தீயணைப்பாளர், ரொட்டி சுடுபவர், மிதிவண்டி பழுதுபார்ப்பவர், காலணி பழுதுபார்ப்பவர், திரைப்படக் கருவி இயக்குபவர் என அவற்றில் பல பெயர்கள் உண்டு. ஒவ்வொரு பெயரும் ஒரு பொருளையோ கருவியையோ சுட்டுகிறது. சுட்டுவதனாலேயே வேலைக்கு ஓர் எல்லையும் வகுக்கிறது. மிதிவண்டி பழுதுபார்ப்பவரிடம் ரொட்டி சுடச் சொன்னால் அது பிறவேலை என்பது பெயரிலேயே தெரியும். ஆயின் மிகுதியான பணியிடங்கள் 'மல்டி டாஸ்கிங் ஸ்டாஃப்' என்னும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. ஆறாவது ஊதியக் குழு 2008இல் அளித்த பரிந்துரையை ஒட்டி, பியூன், தஃப்தரி, பராஷ், சௌக்கிதார், சஃபாய்வாலா முதலிய கடைநிலைப் பெயர்களை ஒன்றாக்கி நடுவணரசு அமைத்த பெயர் அது. பழம்பெயர்களில் இருந்த இழிவு நீங்கியது நன்மையே. அதனோடு பெயரில் இருந்த வரம்பும் நீங்கியது.

ஒப்புக்கொண்ட வேலைக்குப் புறம்பான வேலையை ஏவுதல் என்பது வீட்டுவேலை வரலாற்றில் மிகப் பழைய வழக்கு. அதைக் கூலியின் வரலாறாகவோ சட்டத்தின் வரலாறாகவோ எழுதுவதே பெரும்பான்மை. பெயர்களின் வரலாறாகவும் அதை எழுத முடியும். கடக்வாஸ்லாவும் அதனை அடுத்த புனேயும் இரு வேறு பெயரிடு முறைகளை அருகருகே வைத்துக் காட்டுகின்றன.

முதல் முறை படைத்துறை சார்ந்தது. பிரித்தானியப் படையில் அதிகாரியின் பணியாளுக்கு 'பேட்மேன்' என்று பெயர். பிரெஞ்சில் பொதிச்சேணத்தைக் குறிக்கும் 'பா' என்னும் சொல்லிலிருந்து வந்தது அது. மட்டைப் பந்தாட்டத்தோடு அதற்கு உறவில்லை. அதிகாரியின் மூட்டை ஏற்றிய குதிரையைக் கவனிப்பவன் என்பதே முதற்பொருள். 'ஆர்டர்லி' என்பதோ ஆணையைக் கொண்டுசெல்லும் வீரனைக் குறித்தது. இந்தி 'அர்தலி' என்றும் தமிழ் 'ஆர்டர்லி' என்றும் அதை ஏற்றுக்கொண்டன. இரண்டும் தொடக்கத்தில் தெளிவான ஒரு கடமையைச் சுட்டிய பெயர்கள் என்பது கருதத்தக்கது. குதிரையும் ஆணைச்சீட்டும் மறைந்தன, பெயர் நின்றது, பெயரின்கீழ் வேறு வேலைகள் வந்து குடியேறின. கடக்வாஸ்லாவில் பயிற்சி மாணவரின் காலணிகளுக்கு மெருகிடவும் அறையைத் துப்புரவு செய்யவும் அமர்த்தப்பட்ட குடிமைப் பணியாளரும் ஆர்டர்லி என்றே அழைக்கப்பட்டு வந்தனர்.

விடுதலைக்குப் பின் இந்தியத் தரைப்படை 'சகாயக்' என்னும் பெயரை ஏற்றது. உதவுபவர் என்பது அதன் பொருள். அதிகாரியின் சீருடையையும் படைக்கலத்தையும் பேணுதல், களத்தில் அவருக்குத் துணைநிற்றல் ஆகியன சகாயக்கின் கடமைகளாகச் சொல்லப்பட்டன. நாய்களை உலாவ அழைத்துச் செல்லுதல், பிள்ளைகளைப் பள்ளியில் விடுதல், கடைக்குச் செல்லுதல் முதலியன அவற்றோடு ஒட்டிக்கொண்டன என்பதே முறையீடு. கடற்படையிலும் வான்படையிலும் இம்முறை இல்லை என்பதைச் சுட்டி, இதனை ஒழிக்குமாறு பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2008இல் பரிந்துரைத்தது. 2017இல் வீரர்கள் சிலரின் காணொளி முறையீடுகள் பரவியபோது, வீரனின் மானத்துக்குப் பொருந்தாத 'மீனியல்' வேலைகளை ஏவக்கூடாது என அறிவுறுத்தல்கள் இருப்பதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

மொழிபெயர்ப்பாளர் சற்றே நிற்க வேண்டிய இடம் இது. 'மீனியல்' என்னும் ஆங்கிலச் சொல், குடும்பத்தையும் வீட்டாரையும் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. வீட்டைச் சார்ந்தது என்பதே அதன் முதற்பொருள்; இழிந்தது என்பது பின்னர் ஏறிய பொருள். வீட்டுவேலை என்பதே காலப்போக்கில் இழிவேலையாகப் பொருள் திரிந்த வரலாற்றை அச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது. அதைத் தமிழில் 'இழிவேலை' அல்லது 'கீழ்த்தரமான வேலை' என்று பெயர்க்கும்போது, குற்றம் வேலையின் மீது சென்று விழுகிறது. சகாயக்கிடம் பாத்திரம் துலக்கச் சொல்வது தவறு. பாத்திரம் துலக்குதல் இழிந்தது என்பதனால் அன்று, அதற்காக அவர் படையில் சேரவில்லை என்பதனால். இவ்வேறுபாட்டை மறைக்கும் மொழிபெயர்ப்பு, ஒருவரின் மானத்தைக் காக்கப் புகுந்து, அதே வேலையைத் தொழிலாகக் கொண்ட பல்லாயிரம் பெண்களின் மானத்தைக் குறைத்துவிடுகிறது. 'குற்றேவல்' இதனினும் ஏற்புடையது. வேலையின் சிறுமையையும் ஏவுபவர் உண்டு என்பதையும் அது சொல்கிறது, இழிவைச் சொல்வதில்லை.

எல்லையற்ற ஏவல் ஆங்கிலேயர் கொணர்ந்ததன்று. வடமொழி 'விஷ்டி' கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்தது. பிராகிருதத்தின் வழியே அது மராத்தியில் 'வேட்' ஆகவும் தமிழில் 'வெட்டி' ஆகவும் நிலைபெற்றது. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் வரிச்சொற்களுள் வெட்டியும் ஒன்று என்பதை நொபொரு கராஷிமாவும் பிறரும் தொகுத்த சொற்பட்டியல்கள் காட்டுகின்றன. இன்றைய தமிழில் வெட்டி என்பது பயனின்மையைக் குறிக்கிறது: வெட்டிப் பேச்சு, வெட்டிச் செலவு. உழைத்தவனுக்குப் பயன் இல்லாத உழைப்பு, காலப்போக்கில் எவருக்குமே பயன் இல்லாததன் பெயராகிவிட்டது. மராத்தியில் அச்சொல் பாரசீகச் சொல்லோடு இணைந்து 'வேட்பிகார்' என வழங்குகிறது. இந்திய அரசமைப்பின் 23ஆம் உறுப்பு, அதன் ஆங்கில மூலத்திலும்கூட 'பேகார்' என்னும் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டது.

வெட்டியான் என்னும் ஊர்ப்பணியாளனின் பெயர் வேலையைச் சொல்லவில்லை, கூலியின்மையைச் சொல்கிறது. ஆள் அழைத்தல், செய்தி சொல்லுதல், பிணம் சுடுதல் என எதுவும் அதில் அடங்கும். மராட்டிய ஊர்களில் மகர் சமூகத்தாரின் வதன் முறை இத்தகையதே. 1928 மார்ச்சில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் கொணர்ந்த வதன் திருத்த மசோதா வாதிட்டது இதைப் பற்றித்தான். வதன்தாரரின் வேலைக்கு நேர வரம்பில்லை, கடமைப் பட்டியலில்லை, அவர் இல்லாதபோது வீட்டிலுள்ள மற்றொருவரை இழுத்துச் செல்லலாம் என்னும் நிலையை அவர் அவையில் எடுத்துக்காட்டினார். மசோதாவை 1929இல் திரும்பப் பெற நேர்ந்தது. அம்முறையை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் வந்தது. தமிழகத்திலோ தலையாரியும் வெட்டியானும் பிற்காலத்தில் 'கிராம உதவியாளர்' ஆயினர். சகாயக் என்பதும் உதவியாளர் என்பதும் ஒரே பொருளன. ஒன்று மற்றொன்றைப் பார்த்துச் செய்யப்பட்டதன்று. ஆட்சிமொழி இரு இடங்களில் தனித்தனியே ஒரே தீர்வைக் கண்டது. இழிவை நீக்கிய பெயர் வேண்டும், ஆனால் கடமைப் பட்டியல் வேண்டாம். உதவிக்குத்தான் எல்லை கிடையாதே. காவல்துறையில் ஆர்டர்லி முறையைத் தமிழக அரசு 1979இலேயே ஒழித்த பின்னும், அதை முற்றாக நீக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. ஆணையால் பெயர் போயிற்று, ஏவல் போகவில்லை.

புனேயின் 'மோல்கரீண்' இதற்கு எதிர்முனையில் நிற்கும் சொல். மோல் என்பது வடமொழி 'மூல்ய' என்பதன் மராத்தி வடிவம். விலை என்று பொருள். விலைக்கு வேலை செய்பவள் மோல்கரீண். நடுத்தர வீட்டார் இதை மதிப்புக் குறைவான பெயராகவே வழங்கினர். ஆயினும் சொல்லின் உள்ளே 'வேட்' என்பதற்கு நேர் மறுதலையான கருத்து இருக்கிறது. 1972 வறட்சியில் ஊரைவிட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் பெண்கள் பலர் புனேயில் இவ்வேலைக்கு வந்தனர். 1980இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் அழைத்து அது நடக்கவில்லை; வேலைநிறுத்தம் முதலில் வந்தது, லால் நிஷான் கட்சியின் துணையோடு அமைந்த 'புனே ஷஹர் மோல்கரீண் சங்கடனா' அதன் பின்னர் வந்தது. கூலி உயர்வும் விடுப்பும் தீபாவளி போனசும் கோரிக்கைகளாயின. வசையாக வழங்கிய சொல்லையே சங்கம் தன் பெயராக வைத்துக்கொண்டது.

அப்பெண்களின் ஒப்பந்த மொழி நுட்பமானது. 'துணே' துணி துவைத்தல். 'பாண்டீ' பாத்திரம் துலக்குதல். தமிழின் 'பாண்டம்' இதற்கு உறவு. தரை பெருக்கித் துடைத்தல் தனி, சப்பாத்தி இடுதல் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வீட்டிலுள்ள ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவ்விலை மாறும். விருந்தினர் தங்கினால் பாத்திரம் கூடுகிறது, ஆகவே பேச்சும் கூடுகிறது. பெருக்குவதற்கு அமர்த்தியவளிடம் துணியையும் எடுத்து நீட்டினால், 'இது துணே' என்ற ஒரு சொல்லே மறுப்பாக அமையக்கூடும். எல்லா வீடுகளிலும் அம்மறுப்பு செல்லுபடியானது என்று கொள்ளவியலாது. மறுப்பதற்கு ஒரு சொல் இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இச்சொற்களுக்கிடையே ஒரு பொல்லாத சொல்லும் உண்டு. அது 'வர்காம்'. வர் என்றால் மேல், காம் என்றால் வேலை. சென்னை வீடுகளில் வழங்கும் 'மேல்வேலை' என்பதும் இந்தியின் 'ஊபர் கா காம்' என்பதும் உறுப்புக்கு உறுப்பு இதனோடு ஒத்தவை. மூன்று மொழிகளும் ஒரே உருவகத்தால் சில்லறை வேலைகளைக் குறிக்கின்றன. தமிழில் மேல்வேலை என்பது சமையல் நீங்கலான பெருக்கல், துலக்கல் முதலியவற்றைச் சுட்டும். எவை எவை என்று கேட்டால் வீட்டுக்கு வீடு விடை மாறும். அது வேலையின் பெயரன்று, பெயரிட்டவை போக எஞ்சியவற்றின் பெயர். ஒப்புக்கொள்ளாத வேலைகள் பெரும்பாலும் இச்சொல்லின் வழியாகவே வீட்டினுள் நுழைகின்றன. 'எடுபிடி' அதனினும் வெளிப்படையானது: எடு, பிடி என்னும் இரண்டு ஏவல் வினைகளே அங்குப் பெயராகிவிட்டன.

மகாராட்டிரத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நலவாரியம் அமைந்தபோது ஏற்கப்பட்ட பெயர் 'கரேலு காம்கார்', அதாவது வீட்டுத் தொழிலாளர். தமிழகத்தில் 2007இல் அமைந்த வாரியமும் வீட்டுப் பணியாளர் என்றே கூறியது. இவ்விரு பெயர்களும் ஆண் பெண் இருபாலாரையும் உள்ளடக்குகின்றன. தொழிலாளர் என்னும் தகுதியையும் தருகின்றன. எனினும் விலையைச் சுட்டிய சொல் போய், இடத்தைச் சுட்டும் சொல் வந்தது. வீட்டில் செய்யப்படுவது எதுவும் வீட்டுவேலையே என்று வாதிட அப்பெயர் இடம்கொடுக்கிறது.

பன்னாட்டுத் தொழிலமைப்பு 2011 ஜூன் 16ஆம் நாள் ஏற்ற 189ஆம் உடன்படிக்கையும் வீட்டுவேலையை வீட்டில் அல்லது வீட்டுக்காகச் செய்யப்படுவது என இடத்தைக் கொண்டே வரையறுக்கிறது. ஆனால் அதன் 7ஆம் உறுப்பு, செய்ய வேண்டிய வேலையின் வகையைத் தொழிலாளிக்கு அவர் எளிதில் புரிந்துகொள்ளும் முறையில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இந்தியா உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்தது, ஏற்புறுதி அளிக்கவில்லை. அவ்வுறுப்பில் வரும் தொடரை 'வேலையின் தன்மை' என்று பெயர்த்தால் 'பொதுவான வீட்டுவேலை' என்பதே போதிய விடையாகிவிடும். 'செய்ய வேண்டிய வேலைகள் இன்னின்ன' என்று பெயர்த்தால், துணே வேறு, பாண்டீ வேறு என்று புனேப் பெண்கள் பிரித்துச் சொன்னதுபோல ஒரு பட்டியல் எழுத வேண்டிவரும். மேல்வேலை என்று எழுதிவிட்டு நகர இயலாது.