கல்யாண கேசட்டில் காணாமல் போன குரல்

இப்போது பேரப் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்து, அதிலேயே வெட்டி, பாட்டும் சேர்த்து, நாம் காபி குடித்து முடிப்பதற்குள் குடும்பக் குழுவில் அனுப்பிவிடுகிறார்கள். இந்த வேலை வீட்டுக்குள் வந்து இருபத்தைந்து வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை நம் வயதுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டிக் கலர் டி.வி. வந்தது. பின்னாலேயே பர்மா பஜார் வழியாக வி.சி.ஆரும் வீட்டுக்கு வீடு நுழைந்தது. எண்பதுகளின் கடைசியில் சென்னைக் கல்யாணங்களில் நாதஸ்வரக்காரருக்கு அடுத்தபடி வீடியோக்காரர்தான் முக்கியஸ்தர். தாலி கட்டும் நேரத்தில் அவருடைய முதுகைத்தான் சபையோர் தரிசித்தார்கள்.

சினிமா பிலிமைக் கத்தரித்து ஒட்டலாம். வீடியோ டேப்பில் அது நடக்காது. இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் மற்றதில் பதிவார்கள். நடுவே மிக்ஸர் என்று ஒரு கருவி. இதய வடிவத்துக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிவது அதன் உபயம். நகலுக்கு நகல் படம் மங்கும். நடுவில் ஒரு காட்சி வேண்டாம் என்றால் அதற்கப்புறம் உள்ள எல்லாவற்றையும் திரும்பப் பதிய வேண்டும். அதனால் ஸ்டுடியோக்காரர் கொடுத்ததுதான் கேசட்.

இதில் எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. 1988இல் என் தங்கைக்குக் கல்யாணம். வந்து சேர்ந்த கேசட்டில் முகூர்த்தத்தைத் தவிர மீதி முழுக்க சினிமாப் பாட்டு. அப்பா சம்பந்தியிடம் ஏதோ சொல்கிறார், இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்ன சொன்னார் என்று தெரியாது. அசல் டேப்பைக் கேட்டால், அழித்து வேறு கல்யாணத்துக்கு எடுத்துப்போய்விட்டார்களாம். டேப் விலை அப்படி. அந்த ஸ்டுடியோவின் பெயர் வேண்டாம், அன்றைக்குப் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

கம்ப்யூட்டர் எடிட்டிங் முதலில் சினிமாவுக்குத்தான் வந்தது. அமெரிக்காவின் ஆவிட் 1989இல் வெளியானது. 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் மகாநதிதான் இந்தியாவில் ஆவிட் பயன்படுத்திய முதல் படம் என்பார்கள். நம்மைப் போன்றவர்கள் விலையைக் கேட்கக்கூட முடியாத சாமான் அது. அதில் எதுவும் நிஜமாக வெட்டப்படுவதில்லை. எந்தப் படத்துண்டு, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்று ஒரு பட்டியல்தான் இருக்கும். பட்டியலை மாற்றினால் படம் மாறும், அசல் அப்படியே இருக்கும்.

அந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தது 1999இல் ஆப்பிளின் ஐமூவி. அடுத்த வருஷமே விண்டோஸ் மில்லெனியத்தோடு மூவி மேக்கரை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். பிறகு எக்ஸ்.பி.யிலும் வந்தது. பினாகிள், யூலீட் என்று விலைக்கு வேறு சிலவும் இருந்தன. ரிச்சி தெருவில் எல்லாமே ஒரே விலையில், ஒரே மாதிரி உறையில் கிடைத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை!

2003இல் அப்பாவுக்கு சதாபிஷேகம். நாங்கள் வேளச்சேரிக்குக் குடிவந்த புதிது. என் பையன் ஒரு மினி டி.வி. காமிராவை இரவல் வாங்கி எடுத்தான். ஒரு மணி நேரப் படத்துக்கு 13 ஜி.பி. ஆகும், எங்கள் ஹார்ட் டிஸ்க்கே 40 ஜி.பி.தான். மூவி மேக்கரில் படத்தோடு வந்த சத்தம் ஒரு வரிசையிலும், சேர்க்கும் பாட்டு இன்னொரு வரிசையிலும் இருக்கும். எது தூக்கலாகக் கேட்க வேண்டும் என்று ஒரு பொத்தானை இழுத்துச் சரிசெய்யலாம். "பாட்டு கொஞ்சமா இருக்கட்டும்டா, தாத்தா பேச்சு வேணும்" என்றேன். தமிழில் தலைப்பு போடுவதுதான் பெரும்பாடு. எக்ஸ்.பி.யில் தனியாக ஒரு வசதியை நிறுவாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

இசைப் பக்கமும் இதே காலத்தில் கதவு திறந்தது. கூல் எடிட் என்று ஒன்று இருந்தது. 2003இல் அடோபி வாங்கிப் பெயரை மாற்றிவிட்டது. 2000இல் வந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம். பழைய கேசட்டில் யாரும் பாடாத இரண்டு நொடியைக் காட்டி 'இதுதான் இரைச்சல்' என்று சொன்னால், முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடும். ரொம்பக் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும். அம்மா பாடிய கேசட்டை நான் பாதியளவுதான் சுத்தம் செய்தேன். குக்கர் விசிலை விட்டுவைத்தேன். நம் சென்னையிலேயே எம். சுப்பிரமணியன் என்பவர் 'காயகா' என்ற மென்பொருளை உருவாக்கினார். ஸ்வரங்களைத் தட்டச்சு செய்தால் கமகத்தோடு வாசிக்கும். கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளுக்கு நடுவே கமகம் எப்படி நெளிகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியமில்லை.

2015 டிசம்பரில் எங்கள் பக்கம் படகு ஓடியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தரைத்தளத்தில் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டி மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. தங்கை கல்யாண கேசட், மினி டி.வி. டேப்புகள் எல்லாம் போயின. மாடியில் இருந்த கம்ப்யூட்டரில் மூவி மேக்கர் கோப்பு மட்டும் பத்திரம். ஆனால் அது வெறும் பட்டியல், படம் அதற்குள் இல்லை. 2017 ஜனவரி 10ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் மூவி மேக்கரையும் விலக்கிக்கொண்டது.

பிழைத்தது ஒன்றே ஒன்று. பையன் அப்போது வி.சி.டி.யாக எரித்துத் திருச்சியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிய பிரதி. படம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. ஆனால், "போதும்டா, காமிராவை நிறுத்திட்டு வந்து சாப்பிடு" என்று அப்பா சொல்வது தெளிவாகக் கேட்கிறது. எங்களிடம் உள்ள அவர் குரல் அவ்வளவுதான்.

வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் அடுத்த மழைக்கு முன் இறக்கிப் பாருங்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே மெஷினில் போடாதீர்கள், ஹெட் கெட்டுவிடும். மாற்றித் தருகிறவரிடம் கொடுக்கும்போது, பாட்டு எதுவும் சேர்க்க வேண்டாம், உள்ள சத்தம் உள்ளபடியே வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.