அனிலின்: ஒரு சொல்லில் தங்கிய நீலம்

அனிலினை அனிலினாகவே வாங்கிப் பயன்படுத்துவோர் நம்மில் எவருமில்லை. நைட்ரோபென்சீனிலிருந்து உருவாகி, சாயமாகவும் ரப்பர்த் தொழிலுக்குரிய சேர்மங்களாகவும் பாலியூரித்தேன் நுரையாகவும் மாறி மறையும் இடைநிலை வேதிப்பொருள் அது. ஆயினும் அதன் பெயரில் இந்திய உழவர் வரலாற்றின் ஒரு பகுதி தங்கியிருக்கிறது.

அவுரியைக் குறிக்கும் சமஸ்கிருத ‘நீலீ’ பாரசீகத்தில் ‘நீல்’ ஆயிற்று. அரபியில் ‘அல்’ என்னும் முன்னொட்டுடன் புணர்ந்து ‘அந்நீல்’ ஆயிற்று. போர்த்துகீசியத்தில் ‘அனில்’ என நின்றது. 1826இல் ஊன்வெர்டோர்பன் அவுரிச் சாயத்தை வடித்துப் பெற்ற எண்ணெயைக் ‘கிறிஸ்டலின்’ என்றார். 1834இல் ரூங்கே நிலக்கரித்தாரிலிருந்து பெற்றதைக் ‘கியனோல்’ என்றார். 1840இல் ஃபிரிட்ஷே மீண்டும் அவுரிச் சாயத்திலிருந்து பெற்று ‘அனிலின்’ எனப் பெயரிட்டார். இவையனைத்தும் ஒன்றே என 1843இல் ஹோஃப்மன் நிறுவினார். செடியின் பெயர் நிலைத்தது. தொழிலுக்கான மூலப்பொருளோ நிலக்கரித்தாராயிற்று.

ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதன் தொடக்கப் பொருள் நாப்தலீன். 1901இல் ஃபிளேகர் கண்ட முறை அனிலினிலிருந்தே நீலத்தை மலிவாக உருவாக்க வழிவகுத்தது. செடியிடம் பெயர் பெற்ற பொருளே செடியின் சந்தையைப் பறித்தது.

இந்த வீழ்ச்சியின் சுமை எவர்மீது இறங்கியது என்பதே முதன்மையான வினா. பீகாரின் சம்பாரணில், இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி பயிரிட வேண்டும் என்னும் ‘தீன்கதியா’ முறை நிலவியது. அவுரி விலை சரிந்ததும், தோட்ட முதலாளிகள் அக்கட்டாயத்திலிருந்து உழவர்களை இலவசமாக விடுவிக்கவில்லை. ‘ஷரஹ்பேஷி’ என்று குத்தகையை உயர்த்தினர். அல்லது ‘தாவான்’ என்று மொத்தத் தொகையாக வாங்கினர். 1917இல் காந்தி அங்குச் சென்றபோது பதிவான முறையீடுகளில் இவையும் அடங்கும். 1918ஆம் ஆண்டுச் சட்டம் தீன்கதியாவை ஒழித்தது.

ஆலைத் தொழிலாளிக்கும் அனிலின் தீங்கற்றதன்று. ஆவியாக மூச்சிலும் நீர்மமாகத் தோல்வழியும் உட்புகுந்து, குருதியின் ஹீமோகுளோபினை மெத்திமோகுளோபினாக மாற்றும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மூடிய கலன்கள், காற்றோட்டம், ஊடுருவாத கையுறை, நனைந்த உடையை உடனே களைதல் ஆகிய விதிகள் இதன்பொருட்டே.

பாடநூலில் இடைநிலைப் பொருள் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு வாய்பாடு மட்டுமே. வயலில் இழந்தவரையும் ஆலையில் நஞ்சேறியவரையும் அவ்வாய்பாடு காட்டாது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர், விளைபொருளோடு நின்றுவிடாமல் இடைநிலைப் பொருளின் வழியையும் பின்தொடர வேண்டும் என்பேன்.