சஸ்பென்ஷன் உயர்த்துதல் (பின்சக்கர இயக்கப் பிக்கப்)

பின்சக்கரங்கள் மட்டுமே எஞ்சின் விசையைப் பெறும் பிக்கப் வண்டியில் பெரிய டயர்களைப் பொருத்துவதற்காக, சக்கர அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடைப்பட்ட உயரத்தைக் கூட்டும் மாற்றம் சஸ்பென்ஷன் உயர்த்துதல் எனப்படும். அமெரிக்காவில் இது பெருவழக்கு. முன்சக்கரங்களுக்கு இயக்கத் தண்டு இல்லாமையால் வேலை எளிதாகத் தோன்றினும், சக்கரக் கோணம் எளிதில் கெட்டுவிடும். ஃபோர்டு 1965ஆம் ஆண்டு மாடலில் அறிமுகப்படுத்திய ‘ட்வின் ஐ-பீம்’ அமைப்பில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனி எஃகு விட்டத்தின் நுனியில் அமைந்திருப்பதால், உயரமான சுருள்வில்லை மட்டும் மாட்டினால் அந்நுனி தாழ்ந்து, சக்கரத்தின் மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்து, டயரின் வெளியோரம் விரைவில் தேயும். ஆகவே விட்டம் சட்டத்தோடு இணையும் தாங்கியையும் கீழிறக்குவதே முறை. பின்புறம் பட்டைவில்லுக்கும் அச்சுக்கும் நடுவே உலோகக் கட்டை வைத்து நீண்ட யு-போல்ட்டால் இறுக்குவர். கட்டைமேல் கட்டை அடுக்குவது ஆபத்தானது. இவ்வளவும் வண்டியின் உடலை மட்டுமே தூக்கும். பின்னச்சுக்கும் தரைக்குமான இடைவெளியைக் கூட்டுவது டயர் ஒன்றே. 28 அங்குல டயருக்குப் பதிலாக 31 அங்குல டயர் மாட்டினால் அச்சு ஒன்றரை அங்குலம் உயரும். ஆனால் திருத்தப்படாத வேகமானி 60 மைல் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 66 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஈர்ப்பு மையம் மேலேறுவதால் திருப்பங்களில் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது.