புரூனோ டவுட்டும் எளியோர் மனையின் வண்ணமும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளைப் பற்றி நம்மவர் உரையாடுங்கால், சுவரின் வண்ணம் செல்வர்க்கேயுரிய ஆடம்பரம் என்று ஒதுக்கக் கேட்டிருக்கின்றோம். வறியோர்க்கே வண்ணம் முதற்கண் வேண்டற்பாலது என்று வாதித்து, அங்ஙனமே செய்தும் காட்டிய ஜெர்மானியக் கட்டடச் சிற்பி ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம். அவர் 1880-ஆம் ஆண்டிற் பிறந்த புரூனோ டவுட் என்பார்.

அந்நாளிற் பெர்லின் நகரத் தொழிலாளர் குறுகிய முற்றங்களைச் சூழ்ந்த அடுக்கு மனைகளில் ஒளியின்றி நெருங்கி வாழ்ந்தனர். 1913-இல் நகர்ப்புறத்தே பால்கன்பெர்க் என்னுமிடத்தில் டவுட் எளிய வீடுகளை எழுப்பத் தொடங்கினார். அவற்றிற் சிற்ப வேலைப்பாடு இல்லை; சிவப்பு, மஞ்சள், நீலம் முதலிய வண்ணங்களே அணி. கண்டோர் அதனை 'வர்ணப்பெட்டிக் குடியிருப்பு' என்றனர். அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்று வறுமையுற்றது. 1919-இல் டவுட் வண்ணக் கட்டடங்களை வேண்டி ஓர் அறிக்கை வெளியிட்டார். சிற்பியர் பலர் அதிற் கையொப்பமிட்டனர். செதுக்கு வேலைக்குப் பெரும்பொருள் வேண்டும், வண்ணத்திற்கோ சிறுபொருள் போதும் என்பதே அதன் சாரம். அழகு வேண்டும், பொருள் இல்லை என்னும் இடுக்கணிற் பிறந்த இவ்வாதத்தை மறுத்தல் அரிது.

1924-இல் 'புதிய மனை' என்னும் பொருள்படும் நூலொன்றைப் பெண்டிரை நோக்கியே எழுதினார். அலமாரி மேல் அடுக்கிய பொம்மைகள், கனத்த திரைகள், சுவரை மறைக்கும் படங்கள் யாவற்றையும் அகற்றி, வெறுஞ்சுவரில் தெளிவான வண்ணத்தைப் பூசுக; அறையும் விரிந்து தோன்றும், தூசி துடைக்கும் உழைப்பும் குறையும் என்றார். அவர்தாம் துடைப்பம் ஏந்தினாரோ என்று நம் இல்லத்தார் வினவுவர், நியாயமான வினாவே.

வண்ணத்தை அவர் மனம்போனபடி தேர்ந்தாரல்லர். 1926 முதல் எழுந்த 'ஓங்கெல் டோம்ஸ் ஹுட்டே' குடியிருப்பில், கிழக்கு நோக்கிய சுவர்கட்குப் பசுமையும், மேற்கு நோக்கியவற்றிற்குச் செம்பழுப்பும் அளித்தார். காலைக் கதிருக்கு ஒரு நிறம், மாலைக் கதிருக்கு வேறொரு நிறம். ஊரார் அதனைக் 'கிளிக் குடியிருப்பு' என்றனர். பெர்லினின் மெல்லிய வெயிலுக்கு இசைந்த நிறங்கள் நம் கடுவெயிலுக்கு இசையா. கொள்ளத்தக்கது கதிரின் திசை பார்க்கும் முறையே. பிரிட்ஸ் என்னுமிடத்தில் குதிரை லாட வடிவிற் கட்டிய பெருமனையிலோ, வெண்சுவர்களிடையே உள்வாங்கிய மாடங்களை ஆழ்ந்த நீலமாக்கினார்.

டாலெவிட்ஸ் ஊரில் தமக்கென எடுப்பித்த இல்லத்தின் தெருப்பக்கத்தைக் கருமையாகவும், தோட்டப்பக்கத்தை வெண்மையாகவும் தீட்டி, உள்ளறைகட்கு அழுத்தமான வண்ணங்கள் ஊட்டினார். 1927-இல் அவ்வீட்டைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதி, பூசிய நிறங்களையும் அதிற் காட்டினார். பிறர்க்குரைத்ததைத் தம் வீட்டையும் சோதனைச்சாலையாக்கிச் செய்துகாட்டிய தன்மை நமக்கு உவப்பானது.

1933-இல் நாஜிகள் ஆட்சியேற, அவர் நாடு துறந்து ஜப்பானிலும் பின்னர்த் துருக்கியிலும் வாழ்ந்து, 1938-இல் இஸ்தான்புல்லில் உயிர்நீத்தார். அவர் தீட்டிய நிறங்களும் நாளடைவில் வேறு பூச்சுகளின்கீழ் மறைந்தன. பிற்காலத்தார் அப்பூச்சுகளை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்து பழைய வண்ணங்களை மீட்டனர். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்ற பெர்லின் குடியிருப்புகள் ஆறனுள் நான்கு டவுட் தொடர்புடையன. அவற்றிற் குடும்பங்கள் இன்றும் குடியிருக்கின்றன.